வாடகை மட்டும் தெரிந்தால் போதாது: மாநகர நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மாநகர மன்றத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும், நகரமைப்பு, வீட்டுவசதி, போக்குவரத்துத் துறைகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

விலைவாசி எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட ஒரு பெருநகரத்தில், தம் சம்பளத்துக்குள் அடங்கும் பகுதி எது என்று தேடி அலைவோருக்காக இம்மடலை எழுதுகிறேன். நானும் வாடகை வீட்டில் வாழ்பவன்தான். குறிப்பிட்ட ஒரு நகரத்தின் மீது குறை சொல்வது என் நோக்கமில்லை. நீங்கள் எந்த நகரத்தின் பொறுப்பில் இருந்தாலும், இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி உங்கள் எல்லைக்குள்ளும் நடந்துகொண்டிருக்கும். வாடகையைக் குறைக்கச் சொல்லும் மனுக்கள் உங்கள் மேசையில் நிறையவே குவிந்திருக்கும். நான் கேட்பது அதற்கு முந்தைய படியில் உள்ள ஒன்று. நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குடும்பம் வாழ்வதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிடத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கின்றன. வீடு தேடுபவரின் கையில் அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த விவரங்களை வெளியிடுங்கள் என்பதும், வெளியிட்ட பிறகு அவை காட்டும் நிலவரத்துக்கு ஏற்பப் பேருந்துத் தடங்களையும் புதிய குடியிருப்புகளையும் அமையுங்கள் என்பதுமே என் வேண்டுகோள்.

வீடு தேடுதல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் விளம்பரங்களைப் பார்க்கிறார், உடன் வேலை செய்பவர்களை விசாரிக்கிறார், தரகரிடம் போகிறார். விளம்பரத்தில் இருப்பது உரிமையாளர் கேட்கும் வாடகை. பேசி முடிந்த வாடகை எங்கும் எழுதி ஒட்டப்படுவதில்லை. உடன் வேலை செய்பவர் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் குடியேறியவராக இருந்தால், அவர் கொடுக்கும் வாடகைக்கும் அதே தெருவில் இன்று புதிதாக வருபவர் கொடுக்க வேண்டிய வாடகைக்கும் தொடர்பே இருக்காது. தரகருக்கோ தன்னிடம் எந்த வீடு காலியாக இருக்கிறதோ அந்தப் பகுதிதான் சிறந்த பகுதி. இந்த மூன்று அரைகுறைச் செய்திகளை வைத்துக்கொண்டு, ஒரு குடும்பம் தன் வருமானத்தில் மிகப் பெரிய பங்கை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கிறது. முடிவு பிழைத்துப்போனால் அது அக்குடும்பத்தின் சாமர்த்தியக் குறைவாகப் பேசப்படுகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வருமானம் குறையக் குறைய அதில் வீட்டுக்காகப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகிறது என்பதை பெர்லின் நகரப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவராக இருந்த ஹெர்மன் ஷ்வாபே 1868இலேயே காட்டிவிட்டார். குறைந்த சம்பளக்காரருக்குத் தவறான தேர்வைத் தாங்கும் இடைவெளி மிகச் சிறியது என்பது அதிலிருந்தே விளங்கும். வசதியுள்ளவர் ஒரு பகுதி பிடிக்காவிட்டால் மாறிவிடுவார். முன்பணத்தைத் திரட்ட முழு ஆண்டு சேமித்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

வாடகை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வருமானத்தில் 30 விழுக்காடு என்ற ஓர் அளவுகோல் உலகெங்கும் புழங்குகிறது. அதன் பிறப்பைப் பார்த்தால் அதற்கு இவ்வளவு மரியாதை தரத் தேவையில்லை என்று தோன்றும். அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளில் வாழும் ஏழைகளிடம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று, எட்வர்டு புரூக் என்ற செனட்டரின் முயற்சியால் 1969இல் சட்டத் திருத்தம் வந்தது. அரசின் செலவைக் குறைக்கும் நடவடிக்கைகளின் பகுதியாக 1981இல் அந்த வரம்பு 30 ஆக உயர்த்தப்பட்டது. பொதுக் குடியிருப்புக்கான உச்சவரம்பாக இருந்த எண், நாளடைவில் யார் எங்கே வாழலாம் என்பதைத் தீர்மானிக்கும் பொது விதியாக மாறிவிட்டது. அந்த விதி வீட்டின் செலவை மட்டுமே பார்க்கிறது, வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

இடத்தைக் கேட்காத அளவுகோலால் வரும் தீங்கு மலிவான பகுதிகளில்தான் வெளிப்படுகிறது. நகரின் நடுவே வாடகை அதிகம், விலகிப் போகப் போகக் குறைகிறது. இதை அறியாதவர் இல்லை. அப்படிக் குறைந்த தொகை எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. அதில் ஒரு பங்கு பயணச்சீட்டாகவோ எரிபொருளாகவோ போகிறது. வேலைக்குப் போகும் இருவர் உள்ள வீட்டில் அது இரண்டு மடங்காகிறது. பேருந்து வராத பகுதியானால் கடன் வாங்கி ஒரு வண்டியும் வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பங்கு நேரமாகப் போகிறது. சிகாகோவைச் சேர்ந்த அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து ஒரு குறியீடு தயாரித்து, இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டாத பகுதியே கட்டுபடியாகும் பகுதி என்று வகுத்தது. பழைய அளவுகோலின்படி கட்டுபடியாகும் என்று காட்டப்பட்ட புறநகர்களில் பல, பயணச் செலவையும் சேர்த்ததும் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறையும் 2013இல் இதே போக்கில் ஒரு குறியீட்டை வெளியிட்டது. 45 என்ற எண் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற முறை எங்கும் பொருந்தும்.

நேரத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போக்குவரத்துப் பொறியாளர் யாகோவ் ஜஹாவி 1970களில் பல நாட்டு நகரங்களை ஒப்பிட்டு, மக்கள் ஒரு நாளில் பயணத்துக்காகச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதைக் கண்டார். வேகமான வண்டி கிடைத்தால் மிச்சமாகும் நேரத்தை மக்கள் வீட்டில் கழிப்பதில்லை, இன்னும் தொலைவில் போய்க் குடியேறிவிடுகிறார்கள் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. சராசரி என்பது பலரைச் சேர்த்துக் கிடைப்பது. அதற்குள் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போகிறவரும் இருக்கிறார், போக இரண்டு மணி நேரமும் வர இரண்டு மணி நேரமும் ஆகிறவரும் இருக்கிறார். இரண்டாமவருக்குக் கூடுதலாகும் நேரம் தூக்கத்திலிருந்தும், பிள்ளைகளோடு இருக்கும் மாலையிலிருந்தும், கூடுதல் பணி செய்து சம்பாதித்திருக்கக்கூடிய நேரத்திலிருந்தும் கழிகிறது. எந்த வாடகை ஒப்பந்தத்திலும் இந்தக் கழிவு எழுதப்படுவதில்லை.

உங்கள் போக்குவரத்துத் துறையிடம் கேட்டால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நகர மையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற வரைபடம் அநேகமாகக் கிடைக்கும். அது காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவோரின் வரைபடமாகவே இருக்கும். மலிவான பகுதியைத் தேடுவோரில் பெரும்பாலோர் அந்த நேரக்காரர்கள் அல்லர். மருத்துவமனையில் இரவுப் பணி முடிக்கும் செவிலியர், அலுவலகம் திறக்குமுன் துப்புரவு முடிக்க வேண்டியவர், கடை சாத்திய பிறகு கணக்கு முடித்துக் கிளம்பும் விற்பனையாளர், காவலாளி, சமையலாள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவர்களுக்குத் தெரிய வேண்டியது கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் வேறு வழி உண்டா, அதிகாலையில் முதல் வண்டி எப்போது, நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான தெருவில் விளக்கு எரிகிறதா என்பனவே. கடைசிக் கேள்வி பெண்களுக்கு முதல் கேள்வியாகிவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. எரியாத தெருவிளக்குகளின் பதிவேடு உங்களிடமே இருக்கிறது.

தொலைவைக் கணக்கில் கொள்ளாமல் மலிவை மட்டும் உருவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ நாடு பெரிய சான்று. அங்கே தொழிலாளர் வீட்டுவசதி நிதியமான இன்ஃபோனாவிட் 2000த்துக்குப் பிறகு மிகப் பெரிய அளவில் வீட்டுக் கடன் வழங்கியது. கட்டுமான நிறுவனங்கள் நகரங்களுக்கு வெகு தொலைவில் விவசாய நிலங்களை மலிவாக வாங்கி, ஒரே அச்சில் வார்த்தாற்போலச் சிறு வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டின. கடன் எளிதில் கிடைத்தது, விலையும் குறைவு, ஆகவே தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. பிறகுதான் வேலைக்குப் போய்வரும் செலவும் நேரமும் தெரிந்தன. பல இடங்களில் பள்ளியும் குடிநீரும் வந்து சேரவே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, கடனையும் விட்டுவிட்டு நகருக்குள் நெருக்கமான அறைகளுக்கே திரும்பியவர்கள் பலர். 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. அத்தனையும் இத்திட்டத்தில் கட்டப்பட்டவை அல்ல என்றாலும், கைவிடப்பட்ட இத்தகைய புறநகர் வீடுகளும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். வீடு விலை குறைவாக இருந்தது என்பது கடைசி வரை உண்மையாகவே இருந்தது. அங்கே வாழத்தான் கட்டுபடியாகவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் கொலம்பியாவின் மெதெயின் நகரம் செய்ததையும் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் ஏழைகள் தாங்களாகவே கட்டிக்கொண்ட குடியிருப்புகளை அந்நகரம் 2004இல் கம்பிவடத் தொட்டில் (கேபிள் கார்) தடத்தால் மெட்ரோ ரயிலோடு இணைத்தது. ரயிலும் தொட்டிலும் ஒரே கட்டண முறைக்குள் வந்தன. அதுவரை செங்குத்தான படிக்கட்டுகளில் இறங்கி, சிற்றுந்துகளில் மாறி மாறிப் போனவர்களுக்கு வேலையிடம் அருகே வந்தது. வீட்டுக்கு உதவித்தொகை கொடுப்பதைப் போலவே பயணத்தைச் சுருக்குவதும் வீட்டுவசதித் திட்டம்தான் என்று நான் கருதுவதற்கு இது ஒரு காரணம். உங்கள் ஊரில் மலிவாக இருந்தும் எட்டாத பகுதிகள் எவை என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். புதிதாக ஒரு வீடுகூடக் கட்டாமல், இரவு நேரப் பேருந்து ஒன்றை நீட்டிப்பதாலேயே வாழத்தக்கதாகிவிடும் பகுதிகள் அதில் இருக்கும்.

இனி வாடகை விவரத்துக்கு வருகிறேன். உண்மையில் முடிவான வாடகையை எப்படித் திரட்டுவது, மக்கள் சொல்ல மாட்டார்களே என்று அதிகாரிகள் தயங்குவதுண்டு. இதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓர் எளிய வழி இருக்கிறது. அங்கே வாடகையாளர் கொடுக்கும் முன்பணம் உரிமையாளரின் பையில் தங்குவதில்லை. அரசின் முன்பண வாரியத்தில் வைக்கப்பட வேண்டும். அப்படி வைக்கும்போது வாடகை எவ்வளவு, எத்தனை படுக்கையறை, எந்த அஞ்சல் வட்டாரம் என்பனவும் பதிவாகிவிடுகின்றன. அந்தப் பதிவுகளிலிருந்து, யாருடைய பெயரும் வெளிப்படாமல், வட்டாரவாரியான வாடகை நிலவரத்தை அரசு வெளியிடுகிறது. நியூசிலாந்திலும் இதே முறை உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தைத் திரும்பப் பெறப் போராட வேண்டியிருக்கிறதே என்ற பழைய துன்பமும் இதனால் பெருமளவு தீர்கிறது. ஒரே ஏற்பாட்டில் இரண்டு பயன் கிடைக்கும் திட்டங்கள் அரசு நிர்வாகத்தில் அபூர்வம், இதை விட்டுவிடாதீர்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. அங்கே நகராட்சிகள் ‘வாடகைக் கண்ணாடி’ என்று பொருள்படும் ஒரு பட்டியலைத் தயாரிக்கின்றன. வீட்டின் பரப்பு, கட்டிய காலம், வசதிகள், அமைந்துள்ள இடத்தின் தரம் ஆகியவற்றை வைத்து, அத்தகைய வீட்டுக்கு அவ்வூரில் வழக்கமான வாடகை என்ன என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். 2021இல் நிறைவேறிய சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகராட்சிகள் எல்லாம் இதை வைத்திருந்தே தீர வேண்டும் என்று ஆக்கியது. பாரிஸில் 2019 ஜூலை முதல் நடப்பிலுள்ள வாடகை வரம்பு முறையில், பகுதி, அறைகளின் எண்ணிக்கை, கட்டடத்தின் வயது, தட்டுமுட்டுப் பொருள்கள் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு வழிகாட்டு வாடகை அறிவிக்கப்படுகிறது. அதற்கு மேல் 20 விழுக்காடு வரைதான் போகலாம். முகவரியைக் கொடுத்து அந்தத் தொகையை வரைபடத்தில் எவரும் பார்த்துக்கொள்ள முடிகிறது. தென்கொரியாவில் வாடகை ஒப்பந்தத்தை அரசுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கிய விதி 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆக, இந்த விவரத்தைத் திரட்டவே முடியாது என்ற பதிலை நாங்கள் இனியும் ஏற்றுக்கொள்வதற்கில்லை.

இந்த இடத்தில் உங்கள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான கேள்வி எழும். மலிவான பகுதிகளை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டால், வசதியுள்ளவர்களும் முதலீட்டாளர்களும் அங்கே படையெடுத்து, இருக்கிற மலிவையும் அழித்துவிட மாட்டார்களா? அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் முதலீட்டாளர்களிடம் இந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அவர்கள் பணம் கொடுத்து ஆய்வறிக்கை வாங்குகிறார்கள். புதிய மெட்ரோ தடம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அடிக்கல் நாட்டுவதற்கு வெகுமுன்பே அறிந்துவைத்திருக்கிறார்கள். நிலத்தின் உரிமையாளருக்கு அடுத்துத் தெரிகிறது. அங்கே குடியிருப்பவருக்கு வாடகை உயர்ந்த பிறகே தெரிகிறது. விவரத்தை மூடி வைப்பதால் பாதுகாக்கப்படுபவர் யார் என்பதை இந்த வரிசையே காட்டிவிடும்.

பேருந்தோ ரயிலோ வந்தவுடன் வாடகை ஏறி, யாருக்காக அந்தத் தடம் போடப்பட்டதோ அவர்களே வெளியேற்றப்படுவது நடக்கக்கூடியது. ஆகவே தடத்தை அறிவிக்கும் அதே நாளில், அந்தத் தடத்தையொட்டிய பொது நிலத்தில் எத்தனை வீடுகள் குறைந்த வாடகைக்கென ஒதுக்கப்படும் என்பதையும் அறிவியுங்கள். நிலம் விலையேறிய பிறகு வாங்கிக் கட்ட முயன்றால் எந்த அரசின் கருவூலமும் தாங்காது. வியன்னா நகரம் இந்தப் பாடத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டது. பெரிய மாளிகைகளிடமிருந்து அதிகமாகவும் சிறு வீடுகளிடமிருந்து மிகக் குறைவாகவும் வசூலிக்கும்படி 1923இல் ஒரு வீட்டு வரி விதித்து, அந்தப் பணத்தையும் கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. இன்று அந்நகராட்சிக்குச் சொந்தமாக ஏறத்தாழ 2,20,000 வீடுகள் இருக்கின்றன. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவை அமைந்திருக்கும் விதம். செல்வர்கள் வாழும் வட்டாரங்கள் உட்பட நகரமெங்கும் அவை கலந்து கிடப்பதால், முகவரியை வைத்து ஒருவரின் வருமானத்தை ஊகிப்பது அங்கே கடினம். மலிவான பகுதி என்று தனியாக ஒன்றைத் தேடி ஊர் எல்லைக்கு ஓட வேண்டிய தேவையே அங்கு பலருக்கு இல்லை.

வியன்னாவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க அங்கே இரண்டு ஆண்டுகள் பதிவு பெற்று வசித்திருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கான பொது வரிசையில் ஒருவர் சராசரியாக ஒன்பது ஆண்டு அளவில் காத்திருக்க நேர்கிறது. பெர்லின் நகரம் 2020 பிப்ரவரியில் வாடகைகளை உறையவைக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே குடியிருந்தவர்கள் பயனடைந்தார்கள். ஆனால் வாடகைக்கு விளம்பரமாகும் வீடுகள் வெகுவாகக் குறைந்துபோயின. அப்படிச் சட்டம் இயற்ற, ஒரு மாநிலமாகவும் விளங்கும் பெர்லினுக்கு அதிகாரமில்லை என்று கூறி ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அதைச் செல்லாததாக்கியது. வாடகை வரம்பே கூடாது என்ற முடிவுக்கு வர இவற்றைச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவரைக் காக்கும் திட்டங்களை வகுக்கும்போது, வாசலில் நிற்பவரும் உங்கள் குடிமகன் அல்லது குடிமகள்தான் என்பதை வரைவிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வேலை மாறி வந்தவர், படிக்க வந்தவர், மணமுறிவுக்குப் பின் தனியே வீடு தேடுபவர், தீயிலும் வெள்ளத்திலும் வீடிழந்தவர் ஆகியோருக்கு வரிசையில் முதுநிலை கிடையாது. ஒவ்வொரு பொதுக் குடியிருப்பிலும் ஒரு பங்கைக் காத்திருப்புக் காலத்தைப் பாராமல் தேவையைப் பார்த்து ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவரக்கூடிய தீர்வே.

புதிய வீடுகள் வராமல் இவற்றில் எதுவும் நெடுநாள் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடுக்கு வீடுகளும் ஒட்டு வீடுகளும் கட்ட அனுமதித்தது. அதன் பிறகு கட்டட அனுமதிகள் பெருகின. தனி வீடுகளுக்கு மட்டும் என்று உங்கள் வரைபடத்தில் நிறம் தீட்டிவைத்திருக்கும் பகுதிகள், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருக்குமானால், அந்த நிறத்தை மாற்றுவதற்குக் கருவூலத்திலிருந்து பெரிய செலவு ஏதும் தேவைப்படாது. அங்கு ஏற்கெனவே வாழ்வோரின் எதிர்ப்பைத் தாங்கும் துணிவு தேவைப்படும். அதில் உங்களுக்கு எங்கள் ஆதரவு உண்டு.

வாடகை குறைவாக இருப்பதற்குத் தொலைவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது நிலத்தின் தாழ்வு. நீர் தேங்கும் இடம், பழைய குளம் தூர்ந்த இடம், கழிவு மேட்டின் அருகே, ஆலைப் புகை வீசும் பக்கம் என இவையெல்லாம் சந்தையில் விலை குறைந்தே வருகின்றன. வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகிறவருக்குத் தரையில் ஈரம் தெரியாது. சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பழைய நீர்க்கோடும் தெரியாது. எந்தத் தெருவில் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பது உங்கள் பேரிடர் பிரிவின் கோப்புகளில் இருக்கிறது. குழாயில் நாளுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்பது குடிநீர்ப் பிரிவுக்குத் தெரியும். குழாயில் வராத தண்ணீரை விலைக்கு வாங்குபவர், அந்தத் தொகையையும் வாடகையோடு சேர்த்துப் பார்த்தால், தான் மலிவான பகுதியில் வாழவில்லை என்று கண்டுகொள்வார். இந்த விவரங்களை வெளியிட்டால் அப்பகுதியின் நிலமதிப்பு சரியும் என்று உரிமையாளர்கள் முறையிடக்கூடும். அந்த மதிப்பு குடியேறுபவரின் அறியாமையின் மேல் நிற்கும் மதிப்பு. அதைத் தாங்கிப் பிடிப்பது மாநகர நிர்வாகத்தின் வேலை அன்று.

தரகு பற்றி இரண்டு வரி போதும். ஜெர்மனியில் 2015 முதல் வாடகை வீட்டுத் தரகருக்கு அவரை அமர்த்தியவரே கூலி கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் சட்டம் வாடகையாளரிடம் வாங்கும் பெரும்பாலான கட்டணங்களைத் தடைசெய்து, முன்பணத்தைப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஐந்து வார வாடகைக்குள் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமும் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாகப் பரிந்துரைக்கிறது. முன்பணம் குறைந்தால்தான், தவறான பகுதியில் மாட்டிக்கொண்டவர் மாறிப் போக முடியும்.

விலையும் தொலைவும் பொருந்தி, நீரும் விளக்கும் இருந்து, கடைசியில் ஆளைப் பார்த்து மறுக்கப்படுவோர் உண்டு என்பதைச் சொல்லாமல் இம்மடலை முடிக்க எனக்கு மனம் இல்லை. பெயரை வைத்தும், நிறத்தை வைத்தும், தனித்து வாழும் பெண் என்பதற்காகவும், கைக்குழந்தை இருப்பதற்காகவும், வேற்று நாட்டவர் என்பதற்காகவும் வீடு மறுக்கப்படுகிறது. இதனால் ஒரே சம்பளம் வாங்கும் இருவருக்கு ஒரே நகரத்தில் இரண்டு வெவ்வேறு வரைபடங்கள் கிடைக்கின்றன. ஒருவருக்குத் திறந்திருக்கும் தெரு மற்றவருக்கு அடைபட்டிருப்பதால், அவர் அதே தரமான வீட்டுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறார், அல்லது இன்னும் தள்ளிப் போகிறார். புகார் வந்தால் விசாரிப்போம் என்று காத்திருந்தால் புகார் வராது, ஏனெனில் மறுக்கும்போது யாரும் காரணத்தைச் சொல்வதில்லை. ‘வீடு முடிந்துவிட்டது’ என்றே பதில் வரும். ஒரே வருமானமும் ஒரே தகுதியும் கொண்ட இருவரை ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து அனுப்பி, யாருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்க்கும் சோதனை முறையை அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை 1977இல் நாடு தழுவிய அளவில் நடத்தியது, பின்னரும் தொடர்ந்தது. உங்கள் நகரத்திலும் அதை நடத்தலாம். அதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.

எனவே வரும் நிதியாண்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியதாக நான் கேட்பது இதுதான். முடிவான வாடகை, பணிநேரவாரியான பயணச் செலவும் நேரமும், நீர் வழங்கல், வெள்ளப் பதிவு, திட்டமிடப்பட்டுள்ள தடங்கள், இடிப்புப் பணிகள் ஆகிய அனைத்தையும் தெருவாரியாகக் காட்டும் ஒரே வரைபடத்தை, மக்கள் பேசும் மொழிகளில், கைப்பேசியில் பார்க்கும்படி வெளியிடுங்கள். கைப்பேசியில் தேடிப் பழகாதவர்களுக்காக ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். எந்தத் துறை எந்த விவரத்தைத் தரும், யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்பதை மன்றத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். அதிகாரி மாறியதும் கைவிடப்படும் பணியாக அது இருக்கக் கூடாது. முதல் பதிப்பில் பிழைகள் இருக்கும். அந்தந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் திருத்திக் கொடுக்க ஒரு வழி வைத்தால் அவற்றை நாங்களே திருத்தித் தருவோம். இந்த வேண்டுகோளை மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, அது எந்தக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற தேதியைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வாழும் நகரவாசி ஒருவர்